கண்ணுள் எழும் அழல்



ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், புதுச்சேரி நகரத்துப் பள்ளி ஒன்றில் நான் சரித்திர ஆசிரியனாகப் பணி செய்துகொண்டிருந்தேன். மேனிலை வகுப்பு மாணவன் ஒருவன், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே, முகத்துக்கு முன்னால் அடிக்கடி கையை வீசுவான். ஈ ஓட்டுவதுபோல் இருக்கும். இரண்டு முறை கண்டித்தேன். மூன்றாம் முறை எழுந்து நிற்கச் சொல்லிக் காரணம் கேட்டேன். “சார், கண்முன்னே கறுப்பாக ஏதோ பறக்கிறது, ஈ என்று நினைத்தேன்” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அன்று நடத்திய பாடம் யாதென இன்று நினைவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் நினைவில் இருக்கிறது.

சில மாதங்கள் சென்றன. ஒருநாள் காலை அவன் கண் விழித்தபோது, வலக்கண்ணின் பார்வையில் பாதியை ஒரு திரை மறைத்திருந்தது. சென்னைக்கு அழைத்துச் சென்றார்கள். கண்ணின் உட்புறத்திலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாகி, அவற்றிலிருந்து இரத்தம் கசிந்து, பின்னர் அங்கே தோன்றிய தழும்பு விழித்திரையைப் பற்றி இழுத்துப் பிரித்துவிட்டது என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். வலக்கண்ணின் பார்வை மீளவில்லை. இடக்கண்ணிலும் அதே நோய் தொடங்கியிருந்தது. அதனை உரிய காலத்தில் கண்டு காப்பாற்றிவிட்டார்கள். அந்த ஒரு கண்ணின் துணையோடு அவர் படித்துப் பட்டம் பெற்று இன்று நல்ல பதவியில் இருக்கிறார். எனினும், அவரைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் கூசும். அவன் வாய்திறந்து சொல்லியும் நான் கேட்கவில்லையே என்பதுதான் அந்தக் கூச்சம்.

நான் வைத்தியன் அல்லன், சரித்திரம் கற்பித்தவன். ஆகையால் இந்த நோயைக் குறித்து நான் செய்யக்கூடியது ஒன்றே. மனிதன் இதனை எவ்வாறு அறிந்துகொண்டான் என்ற வரலாற்றை உங்களுக்குச் சொல்லலாம். அவ்வரலாற்றில் அழற்சி என்பது ஒருகால் குற்றவாளியாகவும், ஒருகால் ஏவலாளாகவும், மீண்டும் ஒருகால் பகையாகவும் தோன்றுவதைக் காண்பீர்கள்.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். அழல் என்றால் நெருப்பு. அழல்வதால் அழற்சி. பிரெஞ்சு மொழியிலும் ‘ஃபிளாம்’ என்றால் சுடர். அதிலிருந்தே அழற்சியைக் குறிக்கும் அவர்கள் சொல்லும் பிறந்தது. ஒன்றற்கொன்று தொடர்பில்லாத இரண்டு மொழிகளும் இந்த நோய்நிலையை நெருப்பாகவே கண்டிருக்கின்றன. காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இந்நான்கு குறிகளையும் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ் என்னும் அறிஞர் வகுத்து எழுதிவைத்தார்.

விழித்திரை என்பது கண்ணின் பின்புறச் சுவரில் உட்பக்கமாகப் படிந்திருக்கும் மெல்லிய படலம். அதன் கனம் ஏறத்தாழக் கால் மில்லிமீட்டர். நாம் காணும் உருவங்கள் யாவும் இதன்மேல்தான் விழுகின்றன. இதற்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் செறிந்த கோராய்டு என்னும் படலம் இருக்கிறது. விழித்திரையின் வெளியடுக்கு உணவும் உயிர்க்காற்றும் பெறுவது அதிலிருந்துதான். விழித்திரைக்கு முன்னால், கண்ணின் குழிவை நிரப்பிக்கொண்டு, விட்ரியஸ் என்னும் தெளிந்த பசை இருக்கிறது. பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலும், முன்புற விளிம்பிலும் மட்டுமே விழித்திரை உறுதியாகப் பற்றியிருக்கிறது. மற்ற இடங்களில் அது சுவரின்மேல் சார்ந்திருக்கிறதே அன்றி, வேரூன்றி நிற்கவில்லை. அதனால்தான் அது விலக முடிகிறது. விலகிய பகுதி ஊட்டம் இழக்கிறது. பல நாள் அப்படியே கிடந்தால் பார்வைக்குரிய உயிரணுக்கள் மடிகின்றன. இதுவே விழித்திரை விலகல்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விழித்திரையில் ஒளியை உணரும் நரம்பு உண்டு. வலியை உணரும் நரம்பு இல்லை. முள் தைத்த காலில் தோன்றும் குறிகளில் மிகவும் பயனுள்ளது வலி. அதுவே நம்மை வைத்தியரிடம் ஓடச்செய்கிறது. விழித்திரையில் அழல் எழுந்தாலும், விழித்திரை கிழிந்தாலும், அதனிடமிருந்து வலி என்னும் தூது வருவதில்லை. பறக்கும் கரும்புள்ளியும், மின்னும் ஒளிக்கீற்றும், மறைக்கும் திரையுமே தூதாக வருகின்றன. என் மாணவனுக்கு வந்த தூதைத்தான் நான் ஈயென்று எண்ணிச் சிரித்தேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கண்ணோய்களை ஆராய்வதில் நம் முன்னோர் பின்தங்கியவர் அல்லர். கண்ணோய் தொண்ணூற்றாறு என்று கணக்கிட்டது நம் சித்த மருத்துவ மரபு. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் கண் சிகிச்சையில் பெரிதும் ஈடுபட்டு, நோயாளிகளின் குறிப்புகளைக் கண்ணின் ஓவியங்களோடு எழுதிவைக்கச் செய்தார். அவ்வேடுகளைச் சரசுவதி மகால் நூலகம் இன்றும் பாதுகாக்கிறது. சென்னையில் 1819-ஆம் ஆண்டில் கண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை ஏற்பட்டது. நம் புதுச்சேரியில் 1823-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசினர் மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆனால் அக்காலத்தில் தஞ்சையானாலும், புதுவையானாலும், பாரிஸ் மாநகரமேயானாலும், உயிருள்ள மனிதனின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தவர் எவரும் இல்லை. கருமணிக்கு அப்பால் எல்லாம் இருள். கண்ணின் வெளிப்புறத்தைத் தெளிவாக வரைய முடிந்தது. உட்புறத்தை ஊகிக்க மட்டுமே முடிந்தது.

அந்த இருட்டறையில் முதல் விளக்கை ஏற்றியவர் ஜெர்மானிய விஞ்ஞானி ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். ஒளியைக் கண்ணுக்குள் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் வழியிலேயே நோக்கினால் உட்புறம் தெரியும் என்று கண்டு, அதற்குரிய சிறு கருவியை 1850-ஆம் ஆண்டில் அமைத்தார்; 1851-இல் அதனை நூலாக வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1853-இல், கோக்சியஸ் என்ற மருத்துவர் விலகிய விழித்திரையில் ஒரு கிழிசல் இருப்பதைக் கண்டு எழுதினார். ஆயினும் அக்கிழிசலின் பொருளை அன்று எவரும் உணரவில்லை. கண்டவுடன் உண்மை விளங்கிவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் விழித்திரை ஏன் விலகுகிறது? ஜெர்மனியின் புகழ்பெற்ற கண் மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே முதலியோர், பின்னாலுள்ள கோராய்டுப் படலத்திலிருந்து நீரோ குருதியோ கசிந்து திரையைத் தள்ளுகிறது என்று கருதினர். அவ்வாறு நீர் கசிவது அழற்சியின் இயல்பு. எனவே முதலில் குற்றம் சுமத்தப்பட்டது அழற்சியின் மீது. நோயாளியைப் பல வாரம் படுக்கையில் அசையாமல் கிடத்தினார்கள், இரண்டு கண்களையும் கட்டினார்கள், வியர்வை பெருக மருந்து கொடுத்தார்கள், உப்பை விலக்கினார்கள். சேர்ந்த நீர் வற்றிவிடும் என்பது நம்பிக்கை. பயன் மிகச் சிறிது. 1912-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கண் மருத்துவர்களிடம் டெரிக் வெயில் என்பவர் கேட்டறிந்தபோது, குணமடைந்தவர் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவே தெரியவந்தது.

இதற்கிடையில் இரண்டு துறைகளில் விளக்கேற்றியவர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் தியோடோர் லெபர். 1882-ஆம் ஆண்டில் அவர், விட்ரியஸ் சுருங்கி இழுப்பதால் திரை கிழிகிறது, அக்கிழிசலின் வழியே நீர் உட்புகுந்து திரையை விலக்குகிறது என்று எடுத்துரைத்தார். தெருச் சுவரில் பசையிட்டு ஒட்டிய சுவரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் கிழிசல் விழுந்து, மழை நீர் உட்புகுந்தால், தாள் முழுவதும் உப்பிக் கழன்றுவிடும் அன்றோ? அதுபோன்றதே இதுவும். இக்கருத்தினால் பெரும்பாலான விழித்திரை விலகல்களில் அழற்சி முதற் குற்றவாளி அன்று என்பது மெல்லமெல்லத் தெளிவாயிற்று.

இதே லெபர்தாம் அழற்சி என்றால் என்ன என்பதையும் ஆராய்ந்தார். முயலின் கருவிழியில் பூஞ்சணத்தைச் செலுத்தி, இரத்தத்தின் வெள்ளணுக்கள் எங்கிருந்தோ புறப்பட்டு அவ்விடத்தை நாடி வருவதை 1888-இல் எடுத்துக்காட்டினார். கெடுதி தரும் பொருளிலிருந்து கசியும் ஏதோ ஒன்று அவ்வணுக்களை அழைக்கிறது என்றார். ருஷ்யாவில் பிறந்து பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணிபுரிந்த மெச்னிக்கோஃப், அழற்சி என்பது உடலின் தற்காப்பு என்று 1891-இல் சொற்பொழிவுகள் ஆற்றினார். வெள்ளணுக்கள் பகைக் கிருமிகளை விழுங்குகின்றன என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பின்னர் 1908-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அழற்சி வெறும் கேடு அன்று. கோட்டைக்குள் பகைவர் புகுந்ததும் எழும் காவற்படை அது என்ற எண்ணம் இவ்வாறு உருவாயிற்று. படை சென்ற இடத்தில், போர் முடிந்தபின், தழும்பு மிஞ்சும். தழும்பு என்பது உடல் தானே காய்ச்சி ஊற்றும் பசை.

அந்தப் பசையைப் பயன்படுத்தலாம் என்று துணிந்தவர் ஸ்விட்சர்லாந்து நாட்டு லோசான் நகரத்தைச் சேர்ந்த ஜூல் கோனென். 1870-இல் பிறந்தவர். அவர் எழுதியது நம் புதுச்சேரியில் நெடுங்காலம் வழங்கிய பிரெஞ்சு மொழியில். அம்மொழியில் ‘கோல்’ என்றால் பசை. விழித்திரை விலகலுக்கு வழங்கும் ‘தெகோல்மான்’ என்ற சொல்லுக்குப் பசை விட்டுப் பிரிதல் என்பது பொருள். பசை விட்டால் மீண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் கிழிசலை அடைக்க வேண்டும். இது கேட்பதற்கு எளிது. ஆனால் ஒரு கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய உருண்டையின் உட்புறத்தில், ஊசித் துளைபோன்ற கிழிசல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, வெளிப்புறத்தில் அதே இடத்தைக் குறிக்க வேண்டும். கோனென் மணிக்கணக்காகக் கருவியும் கையுமாக அமர்ந்து, நோயாளியின் கண்ணுக்குள் நோக்கி, கிழிசலின் இடத்தைக் கணக்கிட்டு அளந்தார். பின்பு கண்ணின் வெண்சுவரை அவ்விடத்தில் திறந்து, பழுக்கக் காய்ந்த கருவியின் முனையை உள்ளே செலுத்தினார். தேங்கிய நீர் வெளியேறிற்று. சுட்ட இடத்தில் அழற்சி எழுந்தது. அழற்சி ஆறித் தழும்பாயிற்று. தழும்பு கிழிசலை அடைத்து, விழித்திரையைச் சுவரோடு சேர்த்து ஒட்டிற்று. இம்முறைக்கு அவர் இட்ட பெயரின் பொருளும் ‘நெருப்பால் குத்துதல்’ என்பதே.

கண்ணுக்குள் நெருப்பா என்று அறிஞர் உலகம் திடுக்கிட்டது. பலர் நம்பவில்லை, சிலர் ஏளனம் செய்தனர். கோனென் வாதாடிக்கொண்டிராமல், தாம் சிகிச்சை செய்த ஒவ்வொரு கண்ணின் குறிப்பையும், குணமானதை மட்டுமன்றிக் குணமாகாததையும் சேர்த்து, ஆண்டுதோறும் வெளியிட்டுவந்தார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தபின், 1929-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய அனைத்துலகக் கண் மருத்துவர் மாநாட்டில் அவர் முறை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆயிரத்தில் ஒருவர் என்றிருந்த நிலை மாறி, ஏறத்தாழப் பாதிப்பேர் குணமடையும் நிலை வந்தது. 1934-இல் தம் அனுபவம் முழுவதையும் பெருநூலாக எழுதி முடித்தார்; அடுத்த ஆண்டே காலமானார்.

கோனெனுக்குப்பின் வந்தவர்கள் சுடும் கருவியை மாற்றினார்களே அன்றி, கருத்தை மாற்றவில்லை. 1945-ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்த ஒரு மாணவரின் விழித்திரையில் சுட்ட வடு இருப்பதை ஜெர்மனியின் மேயர் ஷ்விக்கராத் கண்டார். கெடுக்கும் ஒளியே அளவோடு விழுந்தால் கிழிசலை ஒட்டாதா என்று சிந்தித்தார். 1949 முதல் ஒளியினால் சுடும் முறையை வகுத்தார். லேசர் ஒளி 1960-இல் தோன்றி, சில ஆண்டுகளில் கண் மருத்துவத்துக்குள் வந்தது. 1964-இல் அமெரிக்காவின் ஹார்வி லிங்காஃப், கடுங்குளிரால் உறையவைத்தும் அதே தழும்பை எழுப்பலாம் என்று காட்டினார். சூடாயினும், ஒளியாயினும், குளிராயினும் நோக்கம் ஒன்றுதான்: வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு, திட்டமிட்டு ஒரு சிறு காயத்தை உண்டாக்கி, அது ஆறும் தழும்பினால் ஒட்டுதல். அடுப்பில் ஏற்றிய தீ அன்னம் சமைப்பதுபோல் இது.

அடுப்பை விட்டு எழுந்த தீயோ கூரையைப் பற்றும். வரலாற்றின் அடுத்த பகுதி அதைப் பற்றியது.

சிகிச்சை செய்து ஒட்டிய விழித்திரை சில கண்களில் சில வாரங்களில் மீண்டும் விலகிற்று. இம்முறை மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, விறைத்து நின்றது. காரணம் என்ன? விட்ரியஸை நுண்ணிய கருவியால் வெட்டி நீக்கும் அறுவை முறையை 1970-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் மயாமி நகரில் உருவாக்கிய ராபர்ட் மேகமரும் அவரைச் சேர்ந்தோரும் இதனை ஆராய்ந்தார்கள். விழித்திரைக்குப் பின்னாலிருக்கும் நிறமுள்ள உயிரணுக்கள் கிழிசலின் வழியே முன்புறம் வந்து விழுகின்றன. விலகலினாலும் அறுவையினாலும் கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டிருக்கிறது. இரத்தக் குழாய்களின் காவல் தளர்ந்து, வெள்ளணுக்களும், உயிரணுக்களை வளரத் தூண்டும் பொருள்களும் கசிகின்றன. அத்தூண்டுதலால் அந்த நிற அணுக்கள் பெருகி, உருமாறி, விழித்திரையின் இருபுறமும் சவ்வாகப் படர்ந்து, பின் சுருங்குகின்றன. விதைக்காத இடத்தில் முளைத்த தழும்பு இது. இந்நிலைக்கு 1983-ஆம் ஆண்டில் தனிப்பெயர் வகுக்கப்பட்டது. விலகலுக்குச் செய்யும் அறுவைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இன்றும் இதனால் தோல்வியுறுகின்றன. அழற்சியை அடக்கும் மருந்துகள் பல சோதிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் இதனை உறுதியாகத் தடுக்கும் மருந்து இன்னும் வாய்க்கவில்லை. உங்களில் ஒருவர் பின்னாளில் அதனைக் கண்டுபிடிக்கலாம்.

கிழிசலே இல்லாமல், அழற்சி ஒன்றினாலேயே விழித்திரை விலகுவதும் உண்டு. கிரேஃபே காலத்து எண்ணம் முற்றும் பொய்யாகிவிடவில்லை. ஜப்பானியரான ஹராடா 1926-இல் அத்தகைய நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவருக்கு முன் ஸ்விட்சர்லாந்தின் ஃபோக்டும், பின் ஜப்பானின் கொயனாகியும் கண்டவற்றோடு சேர்த்து, அந்நோய்க்கு இன்று மூவர் பெயரும் வழங்குகின்றன. உடலின் காவற்படை தன் நிற அணுக்களையே பகையென மயங்கித் தாக்குவதால் இது வருகிறது. தலைவலியும் காதிரைச்சலும் முன்வரும். பின்னர்ச் சிலருக்கு இமைமயிர் நரைக்கும், தோலில் வெண்திட்டுகள் தோன்றும். கண்ணுக்குள் கோராய்டு வீங்கி, நீர் கசிந்து, இரு கண்களிலும் திரை விலகும். நம் நாட்டவரிடையேயும் இது காணப்படுகிறது. இதற்குக் கிழிசலை அடைக்கும் அறுவை பயன்படாது. அழலை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தை உரிய காலத்தில் கொடுத்தால் நீர் வற்றி, விழித்திரை தன்னிடம் சேரும். நோயின் பெயர் ஒன்றாயினும் வழி வேறு. ஆதலின் வேரறிந்து மருந்திட வேண்டும்.

மூன்றாவது வகை, என் மாணவனுக்கு வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து மருத்துவர் ஹென்றி ஈல்ஸ், இளைஞர்களின் விழித்திரையில் மீண்டும் மீண்டும் இரத்தம் கசிவதை 1880-இல் விவரித்தார். இரத்தக் குழாயின் சுவரில் எழும் அழற்சியே அதன் வேர் என்பது சில ஆண்டுகள் கழித்து விளங்கிற்று. அழற்சியால் குழாய்கள் அடைபடுகின்றன. அடைபட்ட பகுதி ஊட்டம் வேண்டிப் புதுக் குழாய்களை முளைக்கச் செய்கிறது. அவை வலுவற்றவை; எளிதில் உடைந்து குருதி சிந்தும். அக்குருதித் துளிகளே கரும்புள்ளிகளாகப் பறப்பவை. பின்பு நார்போன்ற தழும்பு வளர்ந்து விழித்திரையை இழுக்கிறது. மேனாடுகளில் அரிதாகிவிட்ட இந்நோய் நம் நாட்டு இளைஞரிடையே இன்றும் இருக்கிறது. காச நோயோடு இதற்குத் தொடர்புண்டு என்று நெடுநாளாக ஐயுற்றுவந்தார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள், இந்நோயாளர் பலரின் விழித்திரைமேல் வளர்ந்த சவ்வில் காச நோய்க் கிருமியின் மரபுப் பொருள் இருப்பதை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். உயிருள்ள கிருமியின் தாக்குதலா, கிருமியின் எச்சத்தைக் கண்டு காவற்படை கொள்ளும் சினமா என்ற ஆராய்ச்சி தொடர்கிறது. சிகிச்சையோ தெளிவாக இருக்கிறது. தொடக்கத்தில் அழலை அடக்கும் மருந்து, அடுத்து, ஊட்டமிழந்த பகுதியை லேசரால் சுடுதல், முற்றிவிட்டால் அறுவை. தீயாய் எழுந்த நோயைச் சிறு தீயால் அணைப்பதை இங்கேயும் காண்கிறோம்.

இந்த அறிவு தமிழகத்துக்கு வந்த வழியையும் சொல்ல வேண்டும். பெல்ஜிய நாட்டில் பிறந்த சார்லஸ் ஷெப்பன்ஸ் என்ற மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படையினரிடமிருந்து தப்பி, பிரான்சின் பிரெனே மலையடிவாரத்தில் மரம் அறுக்கும் ஆலை நடத்துபவராக வேடம் பூண்டு, நூற்றுக்கு மேற்பட்டவர்களை மலை கடத்தி ஸ்பெயினுக்கு அனுப்பிக் காத்தவர். போருக்குப்பின் விழித்திரையின் விளிம்புவரை இரு கண்ணாலும் நோக்கவல்ல கருவியை அமைத்து, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விழித்திரை மருத்துவத்தின் ஆசானாக விளங்கினார். அவரிடம் பயின்ற நம் எஸ். எஸ். பத்ரிநாத் 1970-இல் சென்னைக்குத் திரும்பினார். 1978-இல் சங்கர நேத்ராலயாவைத் தோற்றுவித்தார். 2023-இல் அவர் மறையும் வரை விழித்திரை சிகிச்சையின் முன்னோடியாக இருந்தார்.

மற்றொருவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அவர் வாழ்வையே அழற்சி திருப்பிவிட்டது என்று சொல்லலாம். இளமையில் மூட்டழற்சி நோய் கண்டு, ஓராண்டுக்கு மேல் படுக்கையில் கிடந்தார். விரல்கள் திருகிக்கொண்டன, பேனா பிடிக்கவும் இயலவில்லை. மகப்பேறு மருத்துவர் ஆக வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, கண் மருத்துவம் பயின்றார். கோணிய அவ்விரல்களையே பழக்கி, கத்தியைப் பிடிக்கக் கற்று, ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீ அரவிந்தரின் பெயரைத் தாங்கியது. 2003-இல் அதன் கிளை நம் தவளக்குப்பத்தில் எழுந்தது. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியோ 1956-இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964 முதல் ஜிப்மர் என்னும் பெயரோடு கோரிமேட்டில் விளங்குகிறது. அப்பள்ளி தொடங்கிய நாளில் உலகில் எவரும் கண்டிராத விழித்திரையை, இன்று நம் ஊரிலேயே சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். வழி இவ்வளவு குறுகிவிட்டது. எஞ்சியிருப்பது நோயாளியின் வாயிலிருந்து கேட்பவரின் செவி வரையுள்ள சிறு தொலைவுதான்.

ஆகவே மாணவர்களே, இவற்றை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். திடீரெனக் கண்முன் கரும்புள்ளிகள் மிகுதியாகப் பறந்தாலும், இருட்டில் ஒளிக்கீற்று மின்னினாலும், பார்வையின் ஓரத்தில் திரை விழுந்தாலும், கண் சிவந்து வெளிச்சம் கூசினாலும், அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி இல்லையே என்று காத்திராதீர்கள். இத்தகைய புள்ளிகள் எல்லாம் கொடிய நோயின் குறி அல்ல. வயதானவர்களுக்கு இயல்பாகவும் சில தோன்றும். ஆனால் எது எதுவென்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. நம் வேலை காட்டுவது. கிட்டப்பார்வை மிகுந்தவர்களும், கண்ணில் அடிபட்டவர்களும், கண்புரை அறுவை செய்துகொண்ட பெரியவர்களும் கூடுதல் கவனத்தோடு இருத்தல் வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி விலகுவதற்கு முன்னர் வந்தால் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். பின்னர் வந்தால், திரை ஒட்டினாலும் பார்வை பழைய அளவுக்கு வராமற்போகலாம்.

என் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். லெபர் ஒரு முயலின் கண்ணைப் பொறுமையோடு கவனித்தார். கோனென் மணிக்கணக்காக ஒரு துளையைத் தேடினார். அவர்கள் பெற்ற அறிவெல்லாம் கவனிப்பின் பயனே. வகுப்பில் ஒரு பிள்ளை காற்றில் கையை வீசினால், அவன் எதை ஓட்டுகிறான் என்று அருகில் சென்று கேளுங்கள். அவன் சொல்லும் மறுமொழி வகுப்புக்கு வேடிக்கையாக இருக்கலாம். நீங்கள் சிரிக்காதீர்கள். அன்று மாலையே அவன் பெற்றோருக்குச் சொல்லியனுப்புங்கள்.